பெல்ட் இல்லாமல் நூற்று முப்பத்தைந்து

மார்ச் 4, புதன்

நான் பெல்ட் போடாதது வலிக்கிறது என்பதற்காக இல்லை. பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நல்ல பெல்ட். முழுத்தோல், நாலு விரல் அகலம், வரிசையாகத் துளைகள், கனமான கொக்கி. ஜனவரியில், என் உடல் எடையைப் போல இரண்டு மடங்கைத் தூக்கிய அன்று, சுடலைமுத்து மாஸ்டர் கொடுத்தது. எங்கள் ஜிம்மில் அதுதான் வழக்கம். இரண்டு மடங்கு தூக்கும்வரை யாருக்கும் பெல்ட் கிடையாது. தூக்கிய பிறகு வேண்டாம் என்று சொல்வதும் கிடையாது. மாஸ்டர் பெண்களைத் தொட்டுக் கட்டிவிட மாட்டார். என்னோடு தூக்கும் பேச்சி அக்காதான் என் இடுப்பில் முழங்காலை ஊன்றி வாரை இழுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

இன்று மாஸ்டர் கேட்டார், ஒரு மாதமாக அது பையை விட்டு வெளியே வரவில்லையே என்று. மூச்சு முட்டுகிறது என்றேன். புதுத்தோல் அப்படித்தான் இருக்கும், எண்ணெய் தடவு என்றார்.

வீட்டுக்கு வந்து எண்ணெய் தடவினேன். மறுபடி பையில் வைத்தேன்.

மார்ச் 6

பெல்ட் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. கோடவுனில் மூட்டை தூக்குபவர்களுக்குப் பெல்ட் கொடுத்ததால் முதுகுவலி குறையவில்லை என்கிறது ஒன்று. போட்டிக்குத் தூக்குபவர்களுக்குக் கட்டாயம் உதவும் என்கிறது இன்னொன்று. ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. பெல்ட் முதுகைத் தாங்குவதில்லை. அப்படி நினைப்பதுதான் எல்லோரும் செய்கிற பிழை. மூச்சை இழுத்து வயிற்றை நிரப்பி, அந்த வயிற்றால் பெல்ட்டை வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு ஒரு சுவர், அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் முதுகெலும்பை நேராக வைத்திருக்கும்.

படங்கள் போட்டிருக்கிறார்கள். மேலே உதரவிதானம், முன்னும் பின்னும் பெல்ட். அம்புக்குறிகள் எல்லாப் பக்கமும் போகின்றன. கீழ்ப்பக்கம் மட்டும் அம்புக்குறி இல்லை. படம் இடுப்போடு முடிந்துவிடுகிறது.

மார்ச் 9

மாவட்டத் தேர்வுப் போட்டி இருபத்தெட்டாம் தேதி. டெட்லிஃப்ட் மட்டும். குனிந்து ராடைப் பிடித்து, நிமிர்ந்து, அசையாமல் நிற்க வேண்டும். ஆளுக்கு மூன்று முயற்சி. எடைப் பிரிவுக்கு ஒருத்தி மாநிலப் போட்டிக்குப் போவாள்.

உடல் எடையில் நான் 63 கிலோ பிரிவு. அதில் வள்ளியூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். போன மாதம் 145 தூக்கியிருக்கிறாள். பெல்ட் இல்லாமல் நான் சுத்தமாகத் தூக்குவது 135. பெல்ட்டோடு எவ்வளவு என்று மாஸ்டர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். 150க்கு மேல் என்கிறார்.

எனக்கு இது ஏன் வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன். சமூகவியலில் ஆய்வு செய்கிறேன். இரண்டாவது அத்தியாயம் முடிந்துவிட்டதா என்று என் நெறியாளர் உட்பட யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ராடு எழுந்ததா இல்லையா என்று மூன்று நடுவர்கள் மூன்று விளக்கு போட்டுச் சொல்லிவிடுவார்கள். வெள்ளை அல்லது சிவப்பு. 

நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. இதையும் எழுதிவிடலாம்.

மார்ச் 10

பெல்ட் போட்டேன். 145 எழுந்தது. இன்னும் ஐந்து கிலோ போட்டிருந்தாலும் எழுந்திருக்கும்.

பிறகு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது. மேடையைத் துடைத்தேன். மூடியை ஒழுங்காப் போட்டு வைக்கக் கூடாதா என்றாள் பேச்சி அக்கா.

சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கறுப்பு டைட்ஸ் இன்னும் இரண்டு வாங்க வேண்டும்.

மார்ச் 12

ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்களைச் சந்திக்கப் போனேன். நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரிப்பவர்கள். என் ஆய்வு அவர்களைப் பற்றியது. என் கேள்விகளில் ஒன்று: வேலை நேரத்தில் சிறுநீர் கழிக்கப் போவதைத் தவிர்க்க, தண்ணீர் குடிக்காமல் இருப்பதுண்டா?

ஒரு பெண் திருப்பிக் கேட்டாள்: "நீங்க இருப்பீங்களாக்கா?"

கேள்வி கேட்பது நான் என்றேன். சிரித்துவிட்டு, ஆமாம் என்று போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

மார்ச் 14

ஒரு யோசனை. மதியத்துக்குப் பிறகு தண்ணீர் வேண்டாம். ஜிம் ஆறு மணிக்கு. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை.

மதியம் மோரும் வேண்டாம் என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இது லெந்து காலம். சர்ச்சில் பாதிப்பேர் ஈஸ்டர்வரை ஒருவேளைச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருக்கிறார்கள். காலேஜ் போன நாளிலிருந்து நான் இருந்ததில்லை. அம்மா என் தலையைத் தொட்டு, சொல்லாமலே செய்கிறாயே என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 16

ஜிம் பழைய நெல் கோடவுன். தகரக் கூரை. பாளையங்கோட்டையில் மார்ச் மாத மாலை ஆறு மணிக்கு அந்தக் கூரைக்குக் கீழே என்ன சூடு இருக்கும் என்று எழுதத் தேவையில்லை. பெல்ட்டோடு 140. பரவாயில்லை. ஏறக்குறைய பரவாயில்லை.

மார்ச் 17

தொடையில் சுளுக்குப் போல ஒரு பிடிப்பு. ராடைப் பாதியில் விட்டேன். சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். மாஸ்டர் என்னைத் தராசில் ஏறச் சொன்னார். 58.6. போன வாரம் 61.

அவர் முகத்தில் ஒரு மாறுதல். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. தனக்குள் எதையோ கண்டுபிடித்துக்கொண்டவரைப் போலத் தலையாட்டினார்.

மார்ச் 18

பெல்ட் வேண்டாம் என்று முடிவு. 135 போதும். தோற்றால் தோற்பது. பெல்ட் இல்லாமல் தூக்குவது ஒரு நிலைப்பாடு என்றுகூடச் சொல்லலாம். வெளித்துணை இல்லாத உடல். தன் எல்லையைத் தானே அறியும் உடல். இப்படி ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. கிழித்துவிட்டேன்.

மார்ச் 19

போட்டி உடை வந்துவிட்டது. தோளிலிருந்து தொடை நடுவரை ஒரே துணியாக ஒட்டிப் பிடிக்கும் உடை. வேறு எதுவும் மேலே போட அனுமதி இல்லை. இதுவரை கறுப்பு. இந்த வருடம் ஒரு ஜவுளிக்கடை எங்கள் ஜிம் அணிக்கு இலவசமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறது. பெண்கள் அணி என்பதால் ரோஸ் கலர். வெளிர் ரோஸ். முதுகில் கடையின் பெயர்; அதனால் இதைத்தான் போட வேண்டும்.

பேச்சி அக்கா அதைத் தன் மேல் வைத்துப் பார்த்து, "பஞ்சுமிட்டாய்க்குக் கை கால் மொளச்ச மாதிரிலா இருக்கும்," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும். 

வீட்டில் பக்கெட் தண்ணீரில் ஒரு ஓரத்தை நனைத்துப் பார்த்தேன். அடர் சிவப்பாகிறது. அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்தும் தெரியும்.

மார்ச் 20

இன்று நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எல்லோரும் இரும்புப் பிளேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மாஸ்டர் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"எமீமா பேர அம்பத்தேழுல குடுத்தாச்சு. ஒம் மனசு எனக்குத் தெரியாதா, பிள்ள? வாயத் தொறந்து கேக்க மாட்ட. ரெண்டு கிலோ எறக்கிக் காட்டிட்டல்லா. இன்னும் ஒண்ணரைதான. எறங்கிரலாம்."

அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு பிள்ளை வெயில் காலத்தில் தண்ணீரைக் குறைக்கிறாள், எடை இறங்குகிறது. இந்த விளையாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கீழ்ப் பிரிவுக்கு இறங்கப் பார்க்கிறாள். என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். ஒழுங்கு, வைராக்கியம் என்ற சொற்கள் வந்தன.

57 கிலோவில் பேச்சி அக்கா இருக்கிறாள். அவள் ஆயுதப்படைக் காவலர். அவளுடைய அதிகபட்சம் 127.5. இந்த வருடம் மாநிலப் போட்டிக்குப் போனால் காவல்துறை விளையாட்டு அணியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சேர்ந்தால் இரவு பந்தோபஸ்து கிடையாது. அவள் கணவர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கு. அவளுக்கு இரவு டூட்டி விழும் நாட்களில் இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வீட்டில் தூங்குகிறார்கள். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும்.

57இல் எனக்குப் பெல்ட் தேவை இல்லை. 135 போதும்.

இதைக் கணக்குப் போட்டுவிட்டு நான் பேசாமல் நின்றேன் என்று சொல்ல முடியாது. கணக்கு பிறகுதான் வந்தது. ஏறக்குறைய பிறகு.

பேச்சி அக்கா கையிலிருந்த பிளேட்டைக் கம்பியில் மாட்டிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 21

ஜிம்முக்குப் போனேன். பேச்சி அக்கா எனக்கு முன்பே வந்து தூக்கி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அக்கா என்றேன். டூட்டி என்றாள். 

மார்ச் 22, ஞாயிறு

சர்ச். உபவாசம் பற்றிய பிரசங்கம். மனிதர் காணும்படி செய்யாதே என்பது பொருள். அம்மா என் பக்கம் பார்த்தாள்.

எடை 58.1.

மார்ச் 23

ஒன்றும் எழுதுவதற்கில்லை. தாகமாக இருக்கிறது.

மார்ச் 24, செவ்வாய்

பத்தாம் தேதி பாட்டில் கவிழவில்லை.

காலை ஒன்பது மணிக்குப் பேச்சி அக்கா வீட்டுக்கு வந்தாள். காக்கி உடையில். அம்மா பயந்துவிட்டாள், போலீஸ் எதற்கு வீட்டுக்கு வருகிறது என்று. ஜிம்மில் கூட இருக்கும் அக்கா என்று சொன்ன பிறகும் கொஞ்சம் பயத்தோடேயே டீ போட்டாள். டீயைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். எமீமாவுக்கு டீ இல்லையா என்று பேச்சி அக்கா கேட்டதற்கு, பிள்ளை உபவாசம், லெந்து முடியுமட்டும் இப்படித்தான், நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டது என்றாள்.

அம்மா அடுப்படிக்குப் போகும்வரை பேச்சி அக்கா காத்திருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒங்க அம்ம உபவாசம்ங்காவ. மாஸ்டர் எட கொறைக்கான்னு சொல்லுதாரு. ரெண்டு வாக்குமூலமும் ஒத்துப் போகலியே. எதுட்டி நெசம்?"

ரெண்டும் இல்லக்கா என்றேன்.

"பொறவு?"

கேள்வித்தாளில் நான் அச்சடித்து வைத்திருக்கும் சொல்லை வாயால் சொல்ல முடியவில்லை. வேறு சொல் தேடினேன்.

"பெல்ட் போட்டுத் தூக்குனா ஒண்ணுக்குப் போயிருதுக்கா."

"எங்க போயிருது?"

"அங்கயேதான். தூக்கும்போதே."

டீயைக் கீழே வைத்தாள். 

"அன்னைக்குப் பாட்டில் கவுந்துச்சே."

"பாட்டில் கவுறலக்கா."

முதலில் சிரித்தாள். சின்னச் சிரிப்பு, மூக்கு வழியாக. பிறகு சிரிப்பு நின்றது. நிற்கும்போது அவள் முகம் காவலர் முகமாக இருந்தது.

"இதுக்காட்டி என் எடத்துல வந்து நின்ன?"

நான் அப்படி நினைக்கவே இல்லை, மாஸ்டர்தான், என்று ஆரம்பித்தேன். நிறுத்தச் சொன்னாள். மாஸ்டர் சொன்னபோது உன் வாயில் என்ன இருந்தது என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. அதைத்தான் கேட்கிறேன் என்றாள்.

நீ படித்தவள், உனக்கு ஆயிரம் வழி என்றெல்லாம் சொல்வாள் என்று எதிர்பார்த்துப் பதில்கூட வைத்திருந்தேன். சொல்லவில்லை. அவளுடைய பெரிய பையன் இரவில் கனவு கண்டு அழுகிறானாம். பக்கத்து வீட்டு ஆட்களுக்குத் தூக்கம் போகிறதாம். இனிமேல் வேறு இடம் பாருங்கள் என்று நாசூக்காகச் சொல்லிவிட்டார்களாம். இதைச் செய்தி வாசிப்பதைப் போலச் சொன்னாள்.

பிறகு நான் அவளிடம் கேட்டேன், உங்களுக்கு அப்படி ஆவதில்லையா என்று. ஆமாம் என்று சொல்வாள் என்று நம்பினேன். இரண்டு பிள்ளை பெற்றவள். எல்லோருக்கும் அப்படித்தான், நாங்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான் என்பாள் என்று.

"எனக்கு அப்படில்லாம் இல்லட்டி," என்றாள். "தும்முனாக்கூட இல்ல." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

பேட் வைத்துப் பார்த்தாயா என்றாள். வைத்தேன், பாதிதான் தாங்குகிறது, அந்த உடைக்குள் நகர்ந்துவிடுகிறது என்றேன். டாக்டரிடம் போ என்றாள். பிறகு எழுந்து தொப்பியை எடுத்தாள்.

"பேரு மாத்த வியாழக்கெழம கடைசி. மாஸ்டர்ட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லவா?"

"நானே சொல்லுதேன்."

"எதச் சொல்லுவ? பொய்யா, நெசமா?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

அவள் போன பிறகு அம்மா வந்து கேட்டாள், என்ன விஷயம் என்று. போட்டி விஷயம் என்றேன். ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். உபவாசம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள். இருக்கவே இல்லைம்மா என்றேன். அவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். அந்த முதுகைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

மார்ச் 25

பெண் டாக்டர். முதல் கேள்வி, கல்யாணம் ஆகிவிட்டதா. இரண்டாவது கேள்வி, ஏன் இதையெல்லாம் தூக்குகிறாய். 

எடை தூக்காதே என்றார். தூக்காமல் இருந்தால் இது போய்விடுமா என்று கேட்டேன். தூக்காமல் இருந்தால் தெரியாது என்றார்.

பக்கத்து அறையில் பிசியோதெரபி செய்யும் பெண் என் வயதுதான் இருப்பாள். அவள் ஒரு படம் வரைந்தாள். அதில் கீழ்ப்பக்கமும் அம்புக்குறி இருந்தது. அங்கே ஒரு தசை தொட்டில் மாதிரி இருக்கிறது, எல்லா அழுத்தமும் கடைசியில் அதன் மேல்தான் வந்து உட்காருகிறது என்றாள். பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். தினமும் செய்தால் சில மாதத்தில் குறையும்.

சனிக்கிழமை போட்டி என்றேன்.

சனிக்கிழமைக்கு ஒன்றும் ஆகாது என்றாள். 

மார்ச் 26, வியாழன்

மாஸ்டர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். நான்கு மணி. ராடுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வழியில் மூன்று பொய்கள் தயார் செய்திருந்தேன். மூன்றும் நல்ல பொய்கள். வீட்டில் உபவாசம் என்பது அவற்றில் ஒன்று. அவர் நம்புவார், மரியாதையும் வைப்பார். ஆனால் எந்தப் பொய்யைச் சொன்னாலும் 63இல் பெல்ட் போடச் சொல்வார். போடாமல் இருக்க இன்னொரு பொய் வேண்டும். அந்த நான்காவது என்னிடம் இல்லை.

சொல்லிவிட்டேன். யூரின் என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். கேள்வித்தாளில் சிறுநீர், அக்காவிடம் ஒண்ணுக்கு, மாஸ்டரிடம் யூரின். மூன்றில் அது மட்டும்தான் கண்ணைத் தாழ்த்தாமல் சொல்ல முடிந்த சொல். அல்லது தாழ்த்தினேனோ என்னவோ.

அவர் திரும்பிக்கொண்டார். சுவரோரம் போய்ப் பிளேட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. இருபது கிலோவை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். மறுபடி பழைய இடத்தில் வைத்தார். அவருக்கு என் அப்பா வயது இருக்கும். 

முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "எத்தன நாளா?"

"பெல்ட் வந்ததுலேருந்து மாஸ்டர்."

"ரூல் புக்குல அதுக்கு ரெட் லைட்டு கெடயாது."

எனக்குப் புரியவில்லை. திரும்பிப் பார்த்து, பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னார். முழங்கால் மடங்கினால் சிவப்பு. தோள் பின்னால் போகாவிட்டால் சிவப்பு. ராடு ஒருமுறை கீழே இறங்கி ஏறினால் சிவப்பு. நடுவர் சொல்வதற்கு முன் கீழே வைத்தால் சிவப்பு. நீ சொல்வது அந்தப் புத்தகத்திலேயே இல்லை. லிஃப்ட் லிஃப்ட்தான்.

பிறகு அவருக்கு வருத்தம் வந்தது. 57இல் நீதான் முதல் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாராம்.

"கையில இருக்கத விட்டுட்டுப் போறியே பிள்ள."

"அது பேச்சி அக்கா எடம் மாஸ்டர்."

"யாருக்கும் எடம்னு எழுதியா வச்சிருக்கு? தூக்குனவளுக்கு எடம்." கொஞ்சம் நிறுத்தினார். "பேச்சி ஒங்கிட்ட எதும் சொன்னாளா?"

இல்லை என்றேன். இது ஒரு பொய்.

63 என்றால் வள்ளியூர்க்காரி இருக்கிறாள், பெல்ட் இல்லாமல் நிற்கவே முடியாது, நடுவில் பயந்து ராடைப் போட்டுவிட மாட்டாயே என்று கேட்டார். தெரியாது மாஸ்டர் என்றேன். இந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போனை எடுத்தார். சங்கத்துச் செயலாளரிடம் பெயரை மாற்றச் சொல்லும்போது, எடை இறங்கவில்லை, நம்ம கணக்கு தப்பிப்போச்சு என்று சொன்னார். நம்ம கணக்கு என்றுதான் சொன்னார்.

கிளம்பும்போது, இன்றைக்கும் நாளைக்கும் நன்றாகத் தண்ணீர் குடி, தசை பிடித்துக்கொண்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

மார்ச் 27

ஓய்வு. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி கேட்டாள். போகாமல் இருந்துவிடேன் என்றாள். அத்தனை ஆம்பிளைகள் இருப்பார்களே என்றாள். இருப்பார்கள்.

ரோஸ் உடையை இஸ்திரி போட்டேன். அதற்கு இஸ்திரி தேவை இல்லை.

மார்ச் 28, சனி

ஒரு காலேஜின் உள்ளரங்கம். கூட்டம் பெரிதாக இல்லை; ஆனால் எல்லோர் கையிலும் போன். 

எடை 60.9. வள்ளியூர்ப் பெண் என்னிடம் ஹேர்பின் கேட்டாள். கொடுத்தேன். அவளுக்கு மேலே இரண்டு அண்ணன்களாம்; இரண்டு பேரும் தூக்குகிறவர்களாம்; தோற்றால் வண்டியில் ஏற்றாமல் விட்டுவிட்டுப் போய்விடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குக் கறுப்பு உடை. அவளுடைய ஜிம் தனியாக வாங்கியிருக்கிறது.

முதலில் 57. பேச்சி அக்கா 120, 125, பிறகு 127.5. மூன்றும் வெள்ளை. வேறு யாரும் 120ஐத் தாண்டவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவள் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. போனை எடுத்து யாரிடமோ, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்டாள். பேசி முடித்துவிட்டு என் பக்கம் வந்து, "பெல்ட்ட எடு," என்றாள். முழங்காலை ஊன்றி இழுத்தாள். ஜனவரிக்குப் பிறகு இப்போதுதான்.

முதல் முயற்சி 137.5. எழுந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை ஆகாமலே போய்விடும் என்று நினைத்தேன். வள்ளியூர்ப் பெண் 140.

இரண்டாவது. அவள் 145. நான் 147.5.

மூச்சை இழுத்தேன். பெல்ட்டைத் தள்ளினேன். ராடு முழங்காலைத் தாண்டும்போது வந்துவிட்டது. கொஞ்சம் இல்லை. கால் வழியாக இறங்குவது தெரிந்தது. அதே நேரத்தில் ராடும் ஏறிக்கொண்டிருந்தது. நிமிர்ந்துவிட்டேன். முழங்கால் பூட்டியாயிற்று. தோள் பின்னால்.

இங்கே ஒரு விஷயம். நிமிர்ந்ததும் முடிந்துவிடாது. ராடு அசையாமல் நின்ற பிறகுதான் எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் கையை இறக்கி "டவுன்" என்பார். அதற்கு முன் வைத்தால் சிவப்பு. அவர் என் காலைப் பார்த்தார். பார்த்ததால்தானோ என்னவோ கை இறங்கவில்லை. நான் நின்றேன். கூட்டத்துக்கு முன்னால், ரோஸ் நிறத்தில், கையில் நூற்று நாற்பத்தேழரை கிலோவோடு நின்றேன். வைத்துவிடலாம். வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம். விரல் ஒன்று நழுவுவதைப் போல இருந்தது. அதை இறுக்கினேன். அவர் முகத்தையே பார்த்தேன். என் முகத்தைப் பார்க்கட்டும் என்று பார்த்தேன். அவர் கண் மேலே வந்தது.

"டவுன்."

மூன்று வெள்ளை.

ராடு மாற்றும் பையன்கள் இரண்டு பேர் மேடைக்கு வந்து, கீழே பார்த்து, அப்படியே நின்றார்கள். ஒருவன் துணி கொண்டுவரப் போனான். மைக்கில் ஒரு குரல், மேடையைத் துடைக்கிறார்கள், தயவுசெய்து பொறுத்திருங்கள் என்று அறிவித்தது. அதுவரை கவனிக்காதவர்களும் அப்போது கவனித்தார்கள். பின்வரிசையில் சிரிப்பு. பேச்சி அக்கா திரும்பி, மைக் இல்லாமலே அரங்கம் முழுவதற்கும் கேட்கும்படி, "யாருல அது?" என்றாள். கலைந்து போகச் சொல்லும் குரல். சிரிப்பு நின்றது. போன்கள் எத்தனை நின்றன என்று தெரியாது.

மாஸ்டர் அடுத்த எடையைக் கேட்டார். ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும். 155 என்று வாயில் வந்தது. போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பேச்சி அக்கா ஒரு துண்டைக் கொடுத்தாள். இடுப்பில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். துணி தொடையில் குளிர்ந்தது. கண்ணில் தண்ணீர் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது.

மூன்றாவது சுற்று. வள்ளியூர்ப் பெண் 150க்கு வந்தாள். ராடு தரையை விட்டு எழுந்து முழங்காலில் நின்றது. அவள் அண்ணன்கள் இரண்டு பேரும் கத்தினார்கள். அவள் முகம் கறுத்தது. ராடு நகரவில்லை. வைத்துவிட்டாள்.

அதோடு முடிந்துவிட்டது. 63இல் நான்தான்.

மாஸ்டர் ஓடி வந்தார். முகமெல்லாம் வியர்வை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"ஜெயிச்சாச்சு பிள்ள. போதும். மூணாவது வேண்டாம்னு சொல்லிருதேன். போயித் துணிய மாத்து."

அதில் நியாயம் இருந்தது. மாற்று உடை பையில் இருந்தது. கழிப்பறை அரங்கத்துக்குப் பின்னால்தான். வெற்றி ஏற்கெனவே என்னுடையது. இனித் தூக்குவது எதையும் கூட்டப்போவதில்லை. பையன்கள் 155ஐ மாட்டிவிட்டு விலகி நின்றார்கள். மேடை காய்ந்திருந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பெல்ட்டை ஒரு துளை உள்ளே தள்ளி இறுக்கச் சொன்னேன். பேச்சி அக்கா இறுக்கினாள். துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு மேடைக்கு நடந்தேன்.